அம்மாவின் பச்சை அட்டை நோட்டு உயில் ஆகுமா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். அப்பா முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் மூவர்: சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், ஊரிலேயே இருக்கும் வாசகி, பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் தம்பி. அம்மா விட்டுச்சென்றது 18 லட்சம் ரூபாய் வங்கி வைப்பு, ஊரில் 12 சென்ட் மனை, ஒரு பச்சை அட்டை நோட்டு. வைப்புக்கு வாசகிதான் நாமினி. நோட்டில் பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளின் பெயரை வருடவாரியாக எழுதி, எதிரே காரணத்தையும் அம்மா குறித்து வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'எனக்குப் பிறகு என் பணம் படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்குப் போகட்டும்.'

அம்மா பெயரில் ஓர் இலவசப் பள்ளி தொடங்க வேண்டும் என்பது வாசகியின் ஆசை. பழைய மாணவர்களோ பள்ளி வாசலில் அம்மா பெயரில் ஆர்ச் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, வாசகியின் செல்போன் எண்ணுக்கே 3,40,000 ரூபாய் அனுப்பிவிட்டார்கள். அதில் சிலர் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருப்பவர்கள். தாய்மாமா, "நம்ம ஆளுங்க பிள்ளைகளுக்குன்னு ஒரு டிரஸ்ட் போடு, சங்கத்திலேயே எல்லாம் பார்த்துக்குவாங்க" என்கிறார். தென்காசிப் பக்கம் செங்கல் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தும் ஒருவர், மனையைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் அம்மா பெயரில் கட்டடம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு மனையைக் கொடுக்க மனமில்லை. 'நாமினி நான்தானே மேடம், பணத்தையாவது நானே முடிவு செய்யலாம் அல்லவா? அம்மாவின் எழுத்தே உயில்தானே?' என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வக்கீலாகப் படித்தேன். இரண்டாம் முறை நோட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பத்தியை மட்டும் படித்தேன். 'பஸ் காசு இல்லை', 'தம்பிப் பாப்பாவைப் பார்க்க ஆள் இல்லை', 'பீடி சுற்றப் போய்விட்டாள்', 'சர்டிபிகேட் கிடைக்கவில்லை' என்று உங்கள் அம்மா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியிருக்கிறாரே, அந்தப் பத்தியை. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் உங்களுக்குப் பிடிக்காத பதில்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைப்பவர்

வங்கி உங்களிடம் 18 லட்சத்தைக் கொடுத்துவிடும். அதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, உங்களுடையது அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர் மட்டுமே. 1984-இல் ஆயுள் காப்பீட்டுத் தொகை பற்றிய சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 2010-இல் வங்கி வைப்புக்கும் அதையே சொன்னது. 2023 டிசம்பரில், சக்தி யெஸ்தானி வழக்கில், கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று உறுதிசெய்தது. நாற்பது வருடமாக நீதிமன்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறது, குடும்பங்கள் நாமினிதான் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டே இருக்கின்றன. என் அலுவலகத்துக்கு வரும் அண்ணன் தங்கைச் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லில் பிறந்தவை.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன் 15-ஆம் பிரிவுப்படி, உயில் எழுதாமல் இறந்த உங்கள் அம்மாவின் சொத்து பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியதால் அண்ணனின் பங்கு போய்விடாது. ஆகவே 18 லட்சத்தில் உங்கள் விருப்பப்படி தானம் செய்யக்கூடியது 6 லட்சம். மனையிலும் உங்களுடையது பிரிக்கப்படாத மூன்றில் ஒரு பங்கு. தம்பியின் பங்கை அவர் சம்மதமில்லாமல் எந்த நல்ல காரியத்துக்கும் எழுதிவைக்க முடியாது.

தம்பியைப் பற்றி நீங்கள் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். மனையைக் கொடுக்க மனமில்லை என்பதாலேயே அவருக்கு அம்மா மீது பாசமில்லை என்று ஆகிவிடாது. இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனையைக் கேட்காதீர்கள். 'பணத்தில் உன் பங்கைப் பற்றி மட்டும் யோசி' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பது குறைந்தால் கிடைப்பது கூடும். குடும்ப வழக்குகளில் நான் கண்டது அது.

நோட்டில் எழுதியது உயிலா?

இல்லை. உயில் என்றால் எழுதியவர் கையெழுத்தும், குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 63-ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். முத்திரைத்தாள் கட்டாயமில்லை, பதிவும் கட்டாயமில்லை. அம்மா அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. ஆயிரம் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவருக்குத் தன் கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போடத் தோன்றவில்லை.

ஆனாலும் அந்த வரி வீணில்லை. அதை அண்ணனுக்கும் தம்பிக்கும் படம் எடுத்து அனுப்பாமல், மூவரும் ஒன்றாக இருக்கும்போது நேரில் காட்டுங்கள். மூவரும் ஒத்துக்கொண்டால், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வைப்புத் தொகையில் யார் யார் தம் பங்கை யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று குடும்ப உடன்படிக்கையாக எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். மனையிலும் எவராவது பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதற்குத் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். வாய்ச்சொல் போதாது.

உங்கள் செல்போனுக்கு வந்த 3,40,000

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயம் இது. எனக்கு அதிகக் கவலை தந்ததும் இதுதான்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாக உங்கள் கணக்குக்கு வந்தால், வருமான வரித் துறை அதை முழுவதும் உங்கள் வருமானமாகப் பார்க்க முடியும். 'இது ஆர்ச்சுக்கு வந்தது' என்று நீங்கள் சொல்லலாம். எந்தத் தாளில் அப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். இன்றைக்கே குழுவில் 'இனி யாரும் அனுப்ப வேண்டாம்' என்று எழுதுங்கள். யார், எந்தத் தேதியில், எவ்வளவு, எந்த ஊரிலிருந்து என்று ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் பிறகு அந்தக் கணக்கை யாராலும் பிரிக்க முடியாது.

வெளிநாட்டிலிருந்து வந்தது தனிக் கதை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும். குடியுரிமை மாறிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை அவரிடம் இருந்தாலும் ஆகும், ரூபாயாகவே கொடுத்தாலும் ஆகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி, கல்வி போன்ற பொதுக் காரியத்துக்காக அப்படிப் பணம் வாங்க மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். பணம் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே 'தெரிந்த டிரஸ்ட் வழியாக வாங்கிக்கலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பட்டியலில் குடியுரிமை மாறியவர்கள் யார் யார் என்று கேட்டறிந்து, ஆடிட்டர் ஒருவரைக் கலந்துகொண்டு, அவர்கள் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். வருத்தப்படுவார்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளோடு இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குப் பதிவு தேவையில்லை.

உங்கள் அண்ணனும் இதே வரிசையில்தான் வருகிறார். தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பது குடும்பத்துக்குள் நடக்கும் விஷயம். நேரே ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. ஆனால் பெயருக்கு உங்களிடம் கொடுத்து, உங்கள் கை வழியாக அறக்கட்டளைக்குத் தள்ளும் ஏற்பாடாக அது இருக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தால் விட்டுக்கொடுத்ததுதான். அதை வைத்து என்ன செய்வது என்பது பிறகு உங்கள் முடிவு.

புதுப் பள்ளி

அம்மா பெயரில் பள்ளி வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். மூவரும் ஒத்துக்கொண்டு 18 லட்சமும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6.5 சதவீதம் வட்டி என்றால் வருடத்துக்கு 1,17,000, மாதம் 9,750 ரூபாய். ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கே காணாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இருந்தாலே 2 ஆசிரியர்கள் வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவது அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அங்கீகாரத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒரு கட்டு வேண்டும். கிராமப் பகுதியில் இடமே ஏக்கர் கணக்கில் கேட்பார்கள், உங்களிடம் இருப்பது 12 சென்ட், அதிலும் மூன்று பங்கு. முதல் வருடம் உற்சாகத்தில் நடக்கும். நான்காம் வருடம் கட்டணம் வாங்கலாமா என்ற பேச்சு வரும். இலவசப் பள்ளியாகத் தொடங்கி இப்படித் திசை மாறியவற்றின் பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். தொடங்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர்.

மாமா சொன்ன டிரஸ்ட்

ஒரு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதினால் அறக்கட்டளைக்கான வருமான வரி விலக்கும், நன்கொடை கொடுப்பவருக்கு வரியில் கழிவு தரும் 80ஜி சலுகையும் சிக்கலாகும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று பொதுவாக வரையறுத்தால் சட்டம் இடம் தருகிறது. குறிப்பிட்ட ஒரு சாதி அல்லது மதப் பிரிவின் நன்மைக்கு என்றால் தருவதில்லை. இதை மாமாவிடம் சொல்லுங்கள், வரி என்றால் அவர் காது கொடுத்துக் கேட்பார்.

மற்ற காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்தில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. உங்கள் அம்மா இரண்டு செட் சீருடையைத் தைத்துத் தன் பீரோவில் வைத்திருந்து, இல்லாத பிள்ளைக்குக் கொடுப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்டுக் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை.

பொதுவாகவே, இந்த அளவு பணத்துக்கு டிரஸ்ட் வேண்டாம் என்பது என் கருத்து. பத்திரம் எழுதிப் பதிவது ஒரு நாள் வேலை. அதன்பின் வருமான வரித் துறையில் வரி விலக்குக்கான 12ஏபி பதிவு, 80ஜி ஒப்புதல், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், வருமானம் வரம்பைத் தாண்டினால் தணிக்கை, வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டிய கட்டாயம். 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆடிட்டர் கட்டணமே வட்டியில் ஒரு வாய் தின்றுவிடும். '80ஜி இருந்தால் எல்லோருக்கும் முழு வரி விலக்கு' என்று குழுவில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இப்படிப்பட்ட அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. இன்று சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் இருக்கும் புதிய வரி முறையில் இந்தக் கழிவே கிடையாது.

செங்கல் சூளைப் பள்ளி

சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள் பருவத்துக்கு ஊர் மாறுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்க ஓர் இடம் என்பது உண்மையான தேவை, நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மனையைத் தன் பெயருக்குக் கேட்கிறார். தனி மனிதர் பெயருக்கு எழுதினால் அது அவர் சொத்து, நாளை அவருடைய வாரிசுகளின் சொத்து. அவர் சொன்ன சொல் பத்திரத்தில் ஏறாது. மனை இப்போதைக்குப் பேச்சிலேயே இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பணமாக உதவ நினைத்தால் முதலில் சில காகிதங்களைக் கேளுங்கள். பள்ளிக்கு 11 இலக்க யூடைஸ் எண், அதாவது அரசின் பள்ளித் தகவல் பதிவில் ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் எண், இருக்கிறதா? பிள்ளைகள் தங்குகிறார்கள் என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படியோ, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படியோ பதிவு உண்டா? 'இருக்கு மேடம், ஆபீஸில் இருக்கு' என்பது பதிலாகாது, சான்றிதழைக் கண்ணால் பார்க்க வேண்டும். தணிக்கை செய்த மூன்று வருடக் கணக்கு, அறக்கட்டளைப் பத்திரத்தின் நகல், அமைப்பு கலைந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவு ஆகியவற்றையும் பாருங்கள். பிறகு ஒருநாள் சொல்லாமல் போங்கள். அலுவலக அறையில் உட்காராமல் சமையல்கட்டையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் அம்மா ஆய்வுக்குப் போனால் எங்கே போயிருப்பாரோ அங்கே.

இன்னொன்று. அங்கே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது.

அம்மா வேலை பார்த்த பள்ளி

'அரசுப் பள்ளிக்குக் கொடுத்தால் காணாமல் போய்விடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தலைமையாசிரியையின் மகள் இப்படி எழுதலாமா? கொடுக்கும் பொருள் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அதற்குத் தலைமையாசிரியர் பொறுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு கூடித் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட உதவி அவ்வளவு எளிதில் காணாமல் போகாது. வாய்மொழியாகக் கொடுத்ததுதான் போகும்.

நம் ஊர்களில் மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, குடம், மின்விசிறி என்று தட்டுத் தட்டாகச் சுமந்து பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். 2024 ஜனவரியில் மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் என்ற வங்கி ஊழியர், இறந்துபோன மகளின் நினைவாக ஊர்ப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பள்ளிக் கல்வித் துறைக்குத் தானமாக எழுதிக் கொடுத்ததும் நினைவிருக்கும். அவர் செய்ததில் சட்டரீதியாகக் கவனிக்க வேண்டியது, தனக்கே உரிய நிலத்தைத் துறையின் பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுத்தார் என்பது. நாளைக்கு உங்கள் தம்பி மனம் மாறி மனையையும் கொடுக்கலாம் என்றால் அதே வழிதான். பள்ளி மூடப்பட்டால் நிலம் என்ன ஆகும் என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். தானத்தைக் கொடுத்தவர் நினைத்தபோதெல்லாம் திரும்ப வாங்க முடியாது. முன்கூட்டியே இருவரும் ஒத்துக்கொண்ட நிபந்தனை இருந்தால்தான் முடியும்.

ஆர்ச் விஷயம். அரசுப் பள்ளி வளாகத்தில் கட்டவோ பெயர் சூட்டவோ துறை அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். கட்டி முடித்தபின் அதன் கீழே பிள்ளைகள் நடந்து போவார்கள், அவ்வளவுதான். பழைய மாணவர்களின் நன்றியை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஆர்ச்சுக்கு இடம் பார்ப்பதற்கு முன் அந்தப் பச்சை அட்டை நோட்டை அவர்களில் நாலு பேராவது படிக்க வேண்டும்.

அந்த நோட்டு உயில் ஆகாது என்றேன். ஆனால் உங்களுக்கு வேண்டிய திட்ட அறிக்கை அதுதான். எந்தப் பிள்ளை ஏன் நின்றது என்பதை ஒரு தலைமையாசிரியை பெயர் பெயராக எழுதிவைத்திருக்கிறார். அதில் சில காரணங்களை அரசே தீர்த்துவிட்டது. காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பஸ் காசு அம்மா காலத்துப் பிரச்சினை, இன்று மாணவர்களுக்குப் பயணம் இலவசம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆகவே சோறும் சீருடையும் வாங்கித் தருவது உங்கள் வேலை இல்லை.

மிச்சம் இருக்கும் காரணங்களைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு முடிந்து, உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நின்றுவிடுகிற பெண். பஸ் இலவசம்தான், ஆனால் பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அலைய ஆள் இல்லாமல் உதவித்தொகையை விட்ட பிள்ளை. இவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம், தொடர்ந்து வரும் சிறு பணமும் கூட நடக்க ஓர் ஆளும் வேண்டும். மாதம் 9,750-க்குப் பள்ளி நடத்த முடியாது. நான்கு பெண்கள் ஏறும் ஷேர் ஆட்டோவுக்கு மாத வாடகை கொடுக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரம் படிக்க வைக்க ஊரிலேயே பி.எட். முடித்துச் சும்மா இருக்கும் பெண்ணுக்கு மதிப்பூதியம் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு ஒன்று இருக்கிறது, ஆசிரியர்கள் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்தில் 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள்தான் இருப்பார்கள். அம்மாவின் பள்ளி நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்புதான் அதன் கடைசி வகுப்பு. வருடம் ஐந்து பிள்ளைகளை இதில் தேற வைத்தால் உங்கள் வட்டியைவிட இரண்டு மடங்கு பணம் அந்தக் குடும்பங்களுக்கு வரும். ஆர்ச் கேட்கும் பழைய மாணவர்களில் கணக்கு வாத்தியார்கள் யாரும் இல்லையா?

எந்தப் பையில் எதை வைப்பது

குடும்பப் பணமும் ஊர்ப் பணமும் ஒரே பையில் வேண்டாம். உடன்பிறந்தவர்கள் விட்டுக்கொடுத்த தொகை உங்கள் பெயரிலேயே தனி வைப்பாக இருக்கட்டும். வட்டியை உங்கள் கையால் செலவிடுங்கள், வரியும் உங்கள் கணக்கிலேயே கட்டுங்கள். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. உங்களுக்குப் பிறகு அது என்ன ஆக வேண்டும் என்று நீங்கள் உயில் எழுதிவிடுங்கள், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு. அம்மா விட்ட இடம் அதுதானே.

இந்தியக் குடிமக்களான பழைய மாணவர்கள் தருவதைப் பள்ளி வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி திட்டத்தின் இணையதளத்தில் குறிப்பிட்ட பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் தேவைக்குப் பணம் கட்டலாம். இரண்டு வருடம் கழித்தும் உற்சாகம் குறையாமல் இருந்தால், அப்போது ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் முன்னாள் மாணவர் சங்கம் பதியலாம். இரண்டு வருடம் பொறுத்திருப்பவர்கள்தான் சங்கத்துக்கு வேண்டிய ஆட்கள்.

மாலை வகுப்பு பள்ளி வளாகத்தில் நடக்க வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் மட்டும் பேசி ஆரம்பித்துவிடாதீர்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். போகும்போது நோட்டையும் கொண்டுபோவீர்கள் என்று தெரியும். மூலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், நகல் போதும். அதில் பெயர் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயதாகியிருக்கும். 'அப்பா குடி', 'ஓடிப்போய்க் கல்யாணம்' என்றெல்லாம் அம்மா எழுதியிருப்பது அதே ஊரில் குடும்பம் நடத்திக்கொண்டிருப்பவர்களைப் பற்றி. பெயர்களை மார்க்கரால் அடித்துவிட்டு, காரணங்கள் மட்டும் தெரிகிற மாதிரி ஜெராக்ஸ் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்த நகல்தான்.